கண் மருந்தும் கனிவும்

வீட்டு நாய்க்குச் சொட்டு மருந்து இடுதல் பற்றிய ஒரு பாடம்

ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்குப் பல்லாண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் யாம். இம்முறை எழுதப்புகும் பாடமோ எந்தப் பாடநூலிலும் இடம்பெறாதது. ஆயினும் நாய் வளர்க்கும் இல்லத்தார்க்கு என்றேனும் ஒருநாள் தேவைப்படுவது. இதனை எமக்குக் கற்பித்தது மணி என்னும் நாட்டு நாய். கற்பித்ததற்கு அது கொடுத்த விலை சிறிதன்று. ஆகவே யாம் பிழைபட்ட இடங்களையும் மறைக்காமல் கூறி, பின் முறையை விளக்குவோம்.

1. பாடம் எழுந்த வரலாறு

தென்காசியில் ஆனி பிறந்தால் வானிலை மாறும். செங்கோட்டைப் பக்கமிருந்து மேல்காற்று வீசும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் விழும் செய்தி ஊரெங்கும் பரவும். வெளியூர் உறவினர் வருகையால் வீடு நிறையும். மழை கண்ட கொல்லையிலோ புல்லும் முட்செடியும் முழங்காலளவு எழும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு சாரல் நாளில், மணி ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு வேலிப் புதருக்குள் புகுந்து வெளியே வந்தது. மாலையில் பார்த்தபோது இடக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் ஓயாமல் வடிந்தது.

பக்கத்து வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, நாயி கண்ணையே தொறக்க மாட்டேங்கு. தூசி விழுந்திருக்கும். தாய்ப்பால் கெடச்சா ரெண்டு சொட்டு விடுங்க, சரியாப் போவும்" என்றார். யாம் அதனைக் கேட்கவில்லை. படித்தவர் அல்லவா! அதனினும் பெரிய பிழையைச் செய்தோம். எமக்குக் கண்புரை அறுவை நடந்தபோது தந்த சொட்டு மருந்து ஒரு புட்டி, பாதி மீதமாக, மேசை இழுப்பறையில் கிடந்தது. கண்ணுக்குரிய மருந்துதானே, மனிதர்க்கு ஏற்றது நாய்க்கும் ஏற்கும் என்று எண்ணி அதனை எடுத்தோம்.

மணி உடன்படவில்லை. மாடியில் குடியிருக்கும் இளைஞர் முன்கால்களைப் பிடித்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண் பின்கால்களைப் பிடித்தார். யாம் தலையை இறுகப் பற்றி இமையைத் திறந்தோம். அன்றிரவு ஒருமுறை, மறுநாட்காலை ஒருமுறை. இரண்டாம் முறை அது அலறியது. அச்சத்தில் சிறுநீர் கழித்தது. விடுபட்டவுடன் கட்டிலின் அடியில் போய்ப் பதுங்கியது. சோற்றுக்கும் வரவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயதுப் பெயர்த்தி கட்டிலருகில் குப்புறப் படுத்து அதனைப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க குரல் கேட்டாலே இன்னும் உள்ளே போகுது" என்றாள்.

மறுநாள் கண்ணின்மேல் நீலம் பாய்ந்த வெண்மை படர்ந்திருந்தது. அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணில் ஒரு சாயத்தை இட்டுக் கழுவி, நீல விளக்கொளியில் காட்டினார். நெல்மணியளவு ஓரிடம் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. அது புண். "வீட்டில் ஏதும் மருந்து விட்டீர்களா?" என்று கேட்டார். புட்டியைக் காட்டினோம். எழுத்துகளைப் படித்த அவர் முகம் மாறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அறுவைக்குப் பின் வீக்கத்தைத் தணிக்க உதவும் அம்மருந்து, புண்பட்ட கண்ணில் ஆறுதலைத் தடுக்கும்; கிருமி பெருக இடந்தரும்; புண் ஆழ்ந்து கண் துளைபடவும் கூடும் என்று விளக்கினார். எழுபதைக் கடந்த ஆசிரியை, வீட்டுப்பாடம் செய்யாத மாணவியைப் போலத் தலைகுனிந்து நின்றோம்.

நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு. நாளுக்கு இருமுறை வலி தணிக்கும் வேறொரு சொட்டு. காலால் கண்ணைத் தேய்க்காதிருக்கப் புனல் வடிவக் கழுத்துப்பட்டை. எட்டாம் நாள் மீண்டும் காட்டுதல். இவையே அவர் விதித்தவை. வீட்டுக்கு வந்தோம். மருந்து கைக்கு வந்துவிட்டது; நாய் கைக்கு வரவில்லை. இனி அதன் பார்வை, அது எம்மை நம்புவதைப் பொறுத்தது. அந்நம்பிக்கையையோ யாமே கெடுத்திருந்தோம்.

2. கண்ணைப் பற்றி அறிய வேண்டுவன

முறையைக் கற்குமுன் காரணம் அறிதல் நன்று. கருவிழிக்கு முன்னே கண்ணாடி போன்று நிற்பது கார்னியா என்னும் படலம். நாயின் கண்ணில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரினும் சற்றே மிகுதி. அவ்வளவு மெல்லியது ஆதலால் ஒரு முள்ளோ, பூனை நகமோ பட்டால் எளிதில் கிழியும். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளோ ஏராளம். எனவே சிறு கீறலும் பெருவலி தரும். வலியுள்ள கண்ணை அணுகும் கையை நாய் எதிர்ப்பது பிடிவாதமன்று, தற்காப்பு.

நாய்க்கு மேலிமை, கீழிமை இரண்டன்றி மூன்றாம் இமை ஒன்றும் உண்டு. மூக்கை ஒட்டிய கண் மூலையில் அது மறைந்திருக்கும். கண் நோகும்போது மேலெழுந்து பாதிக் கண்ணை மூடும். அதனைச் சதை வளர்ச்சி என்று கருதித் தொடுவோர் உண்டு. அது கண்ணைக் காக்க எழுந்த திரை, தொடலாகாது.

கண்ணீர் சிறு குழாய் வழியே மூக்கினுள் இறங்குகிறது. இடும் மருந்தும் அவ்வழியே இறங்கித் தொண்டையை அடையும். வலி தணிக்கத் தரும் அட்ரோப்பின் போன்ற சொட்டுகள் மிகுந்த கசப்புடையன. ஆகவே மருந்திட்டபின் நாய் நாக்கைச் சப்புக்கொட்டும். சிலவேளை வாயில் நுரை தள்ளும். யாம் முதன்முறை கண்டபோது அஞ்சிப்போனோம். அது கசப்பின் விளைவு. சற்று நேரத்தில் அடங்கும். அம்மருந்து கண்மணியை விரித்துவிடுவதால் சில நாட்கள் வெயில் கூசும்; நாயை நிழலில் வைத்தல் வேண்டும்.

ஒரு சொட்டின் அளவு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். நாயின் இமைக்குழி அவ்வொரு சொட்டையே முழுதும் தாங்காது. இரண்டாம் சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாகும். ஆதலால் மருத்துவர் வேறு கூறாதவரை ஒரு வேளைக்கு ஒரு சொட்டே போதும். இரு மருந்துகள் இருப்பின் இடையே 5 நிமிடம் விடுதல் வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். நீர்மருந்து முதலில், களிம்பு இறுதியில் என்பது வரிசை.

3. சிவந்த கண் ஒன்று, காரணம் பல

கண்ணைச் சுருக்குதல், சிவத்தல், நீலவெண்மை படர்தல், மஞ்சள் அல்லது பச்சைப் பீளை, இரு கண்மணிகளும் வேறுவேறு அளவில் இருத்தல், விழி பருத்துத் தோன்றல், நடக்கையில் பொருள்மீது மோதுதல், இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. மறுநாள் பார்ப்போம் என்பது கண் நோய்க்குப் பொருந்தாது.

காரணங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்று, எம் மணிக்கு நேர்ந்த புண். இரண்டு, கண்ணீர் சுரப்புக் குறைந்து கண் உலர்தல். இதனை அறிய மருத்துவர் ஒரு தாள் துண்டைக் கீழிமையில் செருகி ஒரு நிமிடம் வைப்பார். தாள் 15 மில்லிமீட்டர் அளவோ அதற்கு மேலோ நனைந்தால் நலம். 10க்கும் குறைந்தால் ஐயத்திற்குரியது. பக் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண் வெளிப்பட்டு நிற்பதால் உலர்தலும் புண்ணும் எளிதில் வரும். உலர்ந்த கண்ணுக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மருந்து இட வேண்டியிருக்கும். மூன்று, கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். இது திடீரென மிகும்போது ஓரிரு நாட்களிலேயே பார்வையைப் பறிக்க வல்லது. நான்கு, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் கிருமியால் கண்ணின் உட்பகுதி வீங்கிச் சிவக்கும்.

இந்நான்கிலும் புறத்தே தெரிவது சிவந்த கண் மட்டுமே. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குத் தீங்காகும். உட்புற வீக்கத்திற்கு ஸ்டீராய்டு உதவலாம். புண்ணுக்கு அதுவே கேடு. வலி தணிக்க மேலே கூறிய அட்ரோப்பின், கண் அழுத்தம் உள்ள கண்ணில் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். எனவேதான் சாயம், தாள், அழுத்தமானி ஆகியவற்றைக் கொண்டு பார்த்தபின்னரே மருந்து எழுதப்படுகிறது.

அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கும் மருத்துவம் பார்க்கின்றனர். மேலும் விரிவான சோதனை தேவைப்படின், எம் பகுதியினர்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. சென்னையில் வாழும் அன்பர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியின் மருத்துவமனை உண்டு.

4. செய்யத் தகாதன

மனிதர்க்கு எழுதிய மருந்தில் மீந்ததை இடலாகாது. மற்றொரு நாய்க்குத் தந்ததையும், இதே நாய்க்குச் சென்ற ஆண்டு தந்ததையும் இடலாகாது. தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் என்று ஊரார் கூறும் எதுவும் வேண்டா. தூய்மை செய்யப்படாத எப்பொருளும் புண்ணுக்குள் கிருமியைக் கொண்டு சேர்க்கும். வலிக்கிறதே என்று இரங்கி நாம் உண்ணும் வலி மாத்திரையைச் சோற்றில் கலந்து தருவோரும் உளர். அவற்றுட் பல நாயின் வயிற்றையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பன. இரக்கம் அறிவோடு கூடாவிடில் தீங்காகும் என்பதற்கு எம் இழுப்பறைப் புட்டியே சான்று.

5. ஆயத்தம்

பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் துணைக்கருவிகளை எழுதச் சொல்வோம். இங்கும் அவ்வாறே.

இடம்: வெளிச்சமுள்ள, கால் வழுக்காத இடம். மொசைக் தரையில் கால் வழுக்கினாலே நாய் அஞ்சும். யாம் தாழ்வாரத்தில் ஒரு சாக்கை விரித்தோம். நாய் உறங்கும் இடத்திலும் உண்ணும் இடத்திலும் மருந்திடலாகாது. அவ்விடங்கள் அதற்கு அச்சமற்றனவாக இருத்தல் வேண்டும்.

மருந்து: புட்டியின் பெயரை ஒவ்வொரு முறையும் படிக்கவும். காதுச் சொட்டும் கண் சொட்டும் ஒன்றுபோல் தோன்றும். மூக்குக்கண்ணாடி அணியாமல் எடுக்க வேண்டா. குலுக்குமாறு குறித்திருந்தால் குலுக்குக. குளிர்பெட்டியில் வைத்த மருந்தாயின் சற்றே உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்குக. திறந்த நாளைப் புட்டியின்மேல் எழுதுக. திறந்து 4 வாரம் கழிந்த புட்டியைப் பொதுவாகப் பயன்படுத்தலாகாது. அதனினும் குறைந்த காலம் குறித்திருந்தால் அதுவே விதி.

தூய்மை: முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கருகு மூலையிலிருந்து வெளிநோக்கிப் பீளையைத் துடைக்க. காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சற்றே ஊறவிடுக. ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது.

பரிசு: நாய் விரும்பும் தின்பண்டம், சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக. யாம் பனீரும் நெய் தடவிய இட்லியும் வைத்துக்கொண்டோம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட் ஆகியன நாய்க்கு நஞ்சு. முதலிரண்டும் நம் இல்லங்கள் பலவற்றில் புகாதவை. ஏனையவற்றில் எச்சரிக்கை தேவை.

6. மருந்திடும் படிகள்

முதற்படி: நாயைப் பெயர் சொல்லி அழைத்து மருந்திட வேண்டா. அழைத்தால் துன்பம் என்று பெயரோடு பிணைத்துக்கொள்ளும். நாமே அமைதியாகச் சென்று கயிற்றைப் பூட்டி அழைத்து வருதல் நன்று.

இரண்டாம் படி: அதன் பின்புறம் சுவர் மூலையை நோக்கி இருக்குமாறு உட்கார வைக்க. பின்னோக்கிச் செல்ல இடமிராது. சிறு நாயாயின் மடியில் வைத்து, கழுத்து வரை துண்டு சுற்றலாம்.

மூன்றாம் படி: எதிரே நின்று குனிய வேண்டா. முகத்தை நோக்கி வரும் பொருளைக் கண்டு கண் மூடுவதும் தலையை இழுப்பதும் உயிர்க்கு இயல்பு. பக்கவாட்டிலோ பின்னாலோ அமர்ந்து, ஒரு கையால் தாடையின்கீழ்த் தாங்கி மூக்கைச் சற்றே மேல்நோக்கி உயர்த்துக. கழுத்தை நெரிக்கலாகாது, கண் நோயுள்ள நாய்க்குக் கழுத்தழுத்தம் கண்ணழுத்தத்தையும் கூட்டும்.

நான்காம் படி: தாங்கிய கையின் பெருவிரலால் கீழிமையை மெல்லக் கீழ்நோக்கி இழுக்க. சிறு குழி தோன்றும். விழியின்மேல் விரல் அழுந்தலாகாது.

ஐந்தாம் படி: மருந்துள்ள கையை நெற்றியின் மீது ஊன்றி வைக்க. நாய் தலையசைத்தால் கையும் உடனசையும். புட்டி நுனி கண்ணைக் குத்தாது. மேலிருந்து, அதன் பார்வைக்குப் புறம்பாகப் புட்டியைக் கொணர்ந்து, விரற்கடை உயரத்திலிருந்து ஒரு சொட்டை அக்குழியிலோ வெண்விழியிலோ விழச்செய்க. நுனி கண்ணிலும் இமைமயிரிலும் படலாகாது. பட்டால் புட்டி முழுதும் மாசுபடும்.

ஆறாம் படி: இமையை விட்டுவிடுக. ஓரிரு முறை அதுவே இமைக்கட்டும். தேய்க்க வேண்டா. கழுத்தைத் தடவிக்கொண்டே உடனே பரிசைத் தருக. "உடனே" என்பது இங்கு உயிர்நிலை. அரை நிமிடம் கழித்துத் தரும் பரிசு எதற்குரியது என்று நாய்க்கு விளங்காது.

ஏழாம் படி: குறித்து வைக்க. பள்ளிக் கால அட்டவணை போன்று ஒரு தாளில் 6, 10, 2, 6, 10 என்று மணிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். பெயர்த்தி ஒவ்வொன்றிலும் குறியிட்டாள். யார் இட்டார், இடவில்லை என்ற ஐயமே எழவில்லை.

7. மறுக்கும் நாயைப் பழக்குதல்

எம் பாடத்தின் நடுப்பகுதி இதுவே. கட்டிலின் அடியில் கிடந்த மணியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, யாம் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய சொற்கள் நினைவுக்கு வந்தன. தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளவியலார் பூனைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1898இல் வெளியிட்டார். பின்னர் அவர் வகுத்த ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி ஆகிய மூன்றையும் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் மனப்பாடம் செய்திருப்பர். உருசிய நாட்டு பாவ்லவ் நாய்களைக் கொண்டே ஆக்கநிலையுறுத்தத்தை விளக்கினார். விலங்கிடம் கற்ற உண்மையைக் குழந்தைக்குப் பயன்படுத்தக் கற்பித்த யாம், அதனை விலங்குக்குப் பயன்படுத்த மறந்தோம்.

ஆயத்த விதி கூறுவது யாது? கற்கும் உயிர் ஆயத்தமாயிராதபோது வலிந்து செய்விப்பது வெறுப்பையே தரும். யாம் மூவராய்ச் சூழ்ந்து பிடித்தது இதற்கு மாறு. விளைவு விதி கூறுவது யாது? இன்பம் தரும் செயல் நிலைபெறும்; துன்பம் தரும் செயல் விலக்கப்படும். மணி இரண்டே பாடங்களில் எம் குரலை விலக்கக் கற்றுக்கொண்டது. மாணவனிடம் குறையில்லை, நன்றாகவே கற்றிருந்தான். கற்பித்ததுதான் தவறு.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு. ஒரு வாரம் பழக்கிவிட்டுப் பின்னர் மருந்திடலாம் என்று காத்திருக்கக் கண் இடந்தராது. எனவே இரு தடங்களில் நடந்தோம். மருந்து வேளையில், தடித்த துண்டு சுற்றி, இருவர் மட்டும், பேசாமல், அரை நிமிடத்திற்குள் முடித்துப் பனீர் கொடுத்து விடுவித்தோம். ஒருவர் தாங்க, ஒருவர் மருந்திட. முன்பு கால்களைப் பிடித்ததுபோல் எவரும் பிடிக்கவில்லை. மருந்தில்லாத வேளைகளில், நாளுக்கு நான்கைந்து முறை, இரண்டு நிமிடம் மட்டும் வெறும் பழக்கம் நடத்தினோம்.

எளியதிலிருந்து அரியதற்கு என்னும் முறையில் அப்பழக்கம் அமைந்தது. முதலில், தின்பண்டப் பெட்டியின் மூடியைத் திறக்கும் ஓசை, துண்டு ஒன்று. அடுத்து, சாக்கின்மேல் வந்து நின்றால் ஒன்று. அடுத்து, தாடையைக் கையில் தாங்கினால் ஒன்று. அடுத்து, நல்ல கண்ணருகே நெற்றியில் கையூன்றினால் ஒன்று. அடுத்து, மூடிய வெறும்புட்டியைக் காட்டினால் ஒன்று. இறுதியில், அப்புட்டியை நெற்றியின்மேல் பிடித்து எடுத்தால் ஒன்று. ஒருபடியில் தலையைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, உடல் விறைத்தாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ, முந்தைய படிக்கே திரும்பினோம். இவை நாயின் மொழியில் "போதும்" என்பதாம். இதனைப் பொருட்படுத்தாதபோதுதான் உறுமலும் கடியும் வருகின்றன. உறுமலைத் தண்டிக்கலாகாது, தண்டித்தால் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும்.

நோயுற்ற நாய் அன்புள்ளதாயினும் கடிக்கக்கூடும். ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டு வைத்தல் இன்றியமையாதது. கடியோ கீறலோ நேர்ந்தால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. சிறுவரிடம் பரிசு தரும் பணியை மட்டும், பெரியவர் முன்னிலையில் ஒப்படைக்க. உறுமல் அடங்காத நாய்க்கு வீட்டில் போராட வேண்டா. மருத்துவரிடம் கூறினால் வாய்ப்பூட்டோ, வேளையைக் குறைத்த வேறு மருந்தோ, அமைதிக்கான வழியோ காட்டுவார். இயலவில்லை என்று சொல்வதில் இழிவில்லை. இட்டதாகச் சொல்லி இடாமல் விடுவதே கண்ணைக் கெடுக்கும்.

8. பிடித்தல் இம்சையாகுமோ?

இவ்விதழின் வாசகர் சிலர்க்கு இக்கேள்வி எழும். விருப்பமில்லாத உயிரைப் பற்றி நிறுத்துதல் தகுமோ? அகிம்சை அணுவிரதத்திற்குக் குற்றம் தரும் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். அந்நூலே இம்சையைக் கவனமின்மையோடு சேர்த்து வரையறுக்கிறது. உயிரைக் காக்கும் பொருட்டு, வேண்டிய அளவே, விழிப்போடு பற்றுதல் ஒன்று. பதற்றத்தில் மூவர் கூடி அமுக்குதல் வேறொன்று. இரண்டிலும் செயல் பிடித்தலே. ஆயினும் முன்னதில் கவனம் உண்டு, பின்னதில் இல்லை. பரிசுக்கு ஆசை மிகட்டும் என்று நாயைப் பட்டினி போடலாம் எனச் சிலர் கூறுவர். அது ஐந்தாம் குற்றம். எம் மணிக்கு வழக்கமான சோறு ஒருவேளையும் குறையவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். இரவு 10 மணிச் சொட்டுக்குப் பின்னும் இட்லித் துண்டு தரவேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எம் நோன்பு. நோயுற்ற நாயின்மேல் அதனை விதிக்கவில்லை. "மணிக்கு மட்டும் ராத்திரி சாப்பாடா?" என்று பெயர்த்தி கேட்டாள். "நோன்பு தானே விரும்பி ஏற்பது. மணி ஏற்கவில்லையே" என்றோம். அவளுக்கு அது நியாயமாகப்பட்டது. சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் விடும் நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓதிய கதையை அன்றிரவு அவளுக்குச் சொன்னோம். அந்நாய் பின்னர்த் தேவனாய் வந்து உதவியது என்ற இடத்தில் அவள் மணியைத் திரும்பிப் பார்த்தாள்.

9. விளைவு

முதலிரண்டு நாட்கள் கடினமாகவே கழிந்தன. மூன்றாம் நாள் துண்டு சுற்றத் தேவையிருக்கவில்லை. ஐந்தாம் நாள் பகல் 2 மணிக்குப் பெட்டி மூடியைத் திறந்தபோது, மணி கட்டிலின் அடியிலிருந்து தானே எழுந்து வந்தது. புனல் பட்டை கதவு நிலையில் இடித்தது. சாக்கின்மேல் அமர்ந்து தாடையைச் சற்றே உயர்த்தியது. சொட்டை இட்டோம். கை நடுங்கியது எமக்குத்தான்.

எட்டாம் நாள் மருத்துவர் மீண்டும் சாயமிட்டுப் பார்த்தார். பச்சை எங்கும் ஒட்டவில்லை, புண் மூடிவிட்டது. ஆயினும் அவ்விடத்தில் சிறு மூடுபனி போன்ற தழும்பு நின்றுவிட்டது. பார்வைக்குப் பெரிய இடையூறில்லை என்றார். அத்தழும்பு முள்ளினால் ஆனதா, எம் இரு சொட்டுகளாலும் காலத்தாழ்வாலும் ஆனதா என்று யாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து, மீந்த மருந்துகள் அனைத்தையும் அகற்றினோம். வாசகர்களும் இன்றே தத்தம் இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம்.

இந்த ஆண்டும் சாரல் வரும்; கொல்லையில் புல் எழும்; மணியும் பூனையைத் துரத்தும். புதரை வெட்டிச் சீர்செய்து வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை வெறும்புட்டியை எடுத்து நெற்றிமேல் பிடித்து, பனீர்த் துண்டு தருகிறோம். நலமாயிருக்கும்போதே பழக்கி வைத்தால் நோயுற்றபோது போராட்டமில்லை. பாடத்தின் பயிற்சி விதி அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு மருந்துகளுக்கு இடையே 5 நிமிடம் விடுவது எதற்கு?
2. சிவந்த கண்ணுக்கு வீட்டிலிருக்கும் மருந்தை ஏன் இடலாகாது? இரு காரணம் தருக.
3. மருந்துள்ள கையை நாயின் நெற்றியில் ஊன்றுவதால் விளையும் நன்மை யாது?
4. "போதும்" என்பதை நாய் எவ்வெவ்வாறு தெரிவிக்கும்? உங்கள் வீட்டு நாயை ஒருநாள் கூர்ந்து நோக்கி எழுதுக.
5. செய்முறை: மருந்தின்றி, வெறும் கையால், தாடையைத் தாங்கும் படி வரை ஒரு வாரம் பழக்கிப் பார்க்க. எந்நாளில் நாய் தானே வந்தது என்பதைக் குறித்து வைக்க.